வனவிலங்கு டாக்டர் ஆவேன் என்றவள் “ஜூ ஒரு ஜெயில்” என்கிறாள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து வனவிலங்கு டாக்டர் ஆவேன் என்று சொல்லிவந்த பெண், பள்ளிப் படிப்பு முடியப்போகும் நேரத்தில் மிருகக்காட்சிசாலைக்குப் போய்வந்து, “அது ஜெயில், அங்கே நான் வேலை பார்க்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் கழித்து, காட்டுக்குப் போய்க் கள்ளவேட்டையைத் தடுக்கப் போகிறேன் என்கிறாள். உங்களுக்கு இரண்டு பயம். இத்தனை வருட ஆசை ஒரே நாளில் கரைந்துவிட்டதா? துப்பாக்கி வைத்திருப்பவன் முன்னால் என் பெண் போய் நிற்பதா?

ஆசை அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள். அவள் அன்று பார்த்ததை நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே அது தெரிகிறது. கரடிக் கூண்டின் முன்னால் அரை மணி நேரம் நின்றாளாம். கரடி சுவரோரமாகப் பத்தடி நடந்தது, மூலையில் தலையை ஒரு பக்கமாக வீசித் திரும்பியது, மறுபடி நடந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே வீச்சு. அது நடந்த தடத்தில் மட்டும் புல் இல்லை. கூட வந்த பிள்ளைகள் கரடி டான்ஸ் ஆடுகிறது என்று கைதட்டினார்களாம். உங்கள் மகள் தடத்தைப் பார்த்திருக்கிறாள். நல்ல வனவிலங்கு மருத்துவரிடம் இருக்க வேண்டிய கண் அதுதான்.

அந்த நடைக்கு ஸ்டீரியோடைப்பி என்று பெயர். பயனில்லாத ஓர் அசைவை மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். இயற்கையில் வெகுதூரம் அலைந்து திரியும் ஊனுண்ணிகள்தான் அடைபட்டால் அதிகமாக இப்படி நடக்கின்றன, அவற்றின் குட்டிகளே அதிகம் சாகின்றன என்று காட்டினார்கள். பனிக்கரடி இயற்கையில் சுற்றும் குறைந்தபட்சப் பரப்பில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதற்குக் கூண்டில் கிடைக்கிறது. 2008-இல் வந்த இன்னோர் ஆய்வு யானைகளைப் பற்றியது. ஐரோப்பியக் காட்சிசாலைகளில் வாழ்ந்த பெண் ஆப்பிரிக்க யானைகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துவிடும் வயது, 16.9 ஆண்டு. கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு 56. மனிதர்களால் கொல்லப்பட்டவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட அங்கே 35.9. கூண்டு பாதுகாப்பானது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம், அந்த யானைகள் விஷயத்தில் அது உண்மையாக இல்லை. ஆகவே மகளிடம் “அப்படியெல்லாம் இல்லம்மா, அதுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்குது” என்று சமாதானம் சொல்லாதீர்கள். அவள் சொல்வதில் பெரும்பகுதி சரி.

ஆனால் அவள் இன்னும் பார்க்காத ஒரு பக்கமும் இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

அரேபிய ஓரிக்ஸ் என்று ஒரு மான், வெள்ளை உடலும் நீண்ட கொம்பும் கொண்டது. வேட்டையில் அழிந்துகொண்டே வந்ததால், 1962-இல் மிஞ்சியவற்றில் சிலவற்றைப் பிடித்து, வேறு இடங்களிலிருந்து கிடைத்தவற்றோடு சேர்த்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் காட்சிசாலையில் வளர்த்தார்கள். 1972-இல் கூண்டுக்கு வெளியே இருந்த கடைசி ஓரிக்ஸும் சுடப்பட்டது. கூண்டில் பெருகியவற்றிலிருந்து 1982-இல் ஓமன் பாலைவனத்தில் மறுபடி விட்டார்கள். கலிஃபோர்னியா கான்டோர் கழுகின் கதையும் இதே மாதிரிதான். 1987-இல் உலகத்தில் மொத்தமே 27, அத்தனையும் கூண்டில். குஞ்சு மனிதரைத் தாய் என்று நினைத்துப் பழகிவிடக்கூடாது என்பதால் பராமரிப்பாளர்கள் மறைவில் நின்று, தாய்க் கழுகின் தலை போலச் செய்த கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு ஊட்டினார்கள். இன்று ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன, பாதிக்கு மேல் வெளியில் பறக்கின்றன. பொம்மைக்குள் கையை விட்டுக்கொண்டு அந்த இருட்டில் நின்றவர்களை ஜெயில் வார்டன் என்று உங்கள் மகளாலும் சொல்ல முடியாது.

ஓரிக்ஸ் கதை அத்தோடு முடியவில்லை. ஓமன் சரணாலயத்தில் 1996-இல் அவை 450 வரை பெருகியிருந்தன. அப்புறம் கள்ளவேட்டைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2007-இல் மிஞ்சியது 65, குட்டி போடக்கூடிய இணைகள் நான்குதான். அதே ஆண்டு அரசு அந்தச் சரணாலயத்தின் பரப்பில் 90 சதவீதத்தைக் குறைக்க முடிவு செய்தது. அதனால் யுனெஸ்கோ அதைத் தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஓர் இடத்தை அப்படி நீக்கியது அதுதான் முதல் தடவை. இருபது ஆண்டு கூண்டில் வளர்த்துக் காப்பாற்றியதைப் பத்தே ஆண்டில் வேட்டை தின்றுவிட்டது.

கூண்டும் அரண் இல்லை. 2017 மார்ச்சில் பாரிஸுக்கு அருகே துவாரி காட்சிசாலையில் இரவில் புகுந்து, வின்ஸ் என்ற நாலு வயதுக் காண்டாமிருகத்தைச் சுட்டுக் கொம்பை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போனார்கள். நம் நகத்தில் இருக்கும் அதே கெராட்டின்தான் அந்தக் கொம்பிலும். இந்த இரண்டு சம்பவங்களையும் அவளிடம் சொல்லுங்கள். காட்சிசாலை வேலை, காட்டு வேலை என்று அவள் மனதில் போட்டிருக்கும் கோடு, உண்மையில் அவ்வளவு அழுத்தமானது கிடையாது.

அவளிடம் மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. 2014-இல் கோபன்ஹேகன் காட்சிசாலை, நோயே இல்லாத மாரியஸ் என்ற இளம் ஒட்டகச்சிவிங்கியைக் கொன்று, மக்கள் முன்னால் அறுத்து, சிங்கங்களுக்குப் போட்டது. அதன் மரபணு இனப்பெருக்கத் திட்டத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதனால் அது உபரி என்பது அவர்கள் சொன்ன காரணம். வேறு இடங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றும் கேட்டன, கொடுக்கவில்லை. எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. கருத்தடை கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அதிலும் பக்கவிளைவு உண்டு, குட்டி வளர்க்கும் வாழ்க்கையே அந்தத் தாய்க்கு இல்லாமல் போகும் என்று அந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். உங்கள் மகள் மருத்துவரானால், இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொல்லும் நாள் வரலாம். மாட்டேன் என்று சொல்லும் உரிமை தரும் நிறுவனமா என்று பார்த்துத்தான் அவள் சேர வேண்டும்.

சரி, இரண்டாவது பயத்துக்கு வருவோம். ரோந்து போகிறவர்களுக்கு ஆபத்து இருப்பது உண்மை. பல நாடுகளில் வனக்காவலர்கள் பணியில் உயிரிழக்கிறார்கள். ஆனால் அந்த ரோந்திலும் பல வகை உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2013-இல் தொடங்கிய பிளாக் மாம்பாஸ் அணியில் பெரும்பாலும் பெண்கள். ஆயுதம் இல்லாமல் வேலியோரம் நடந்து, சுருக்குக் கண்ணிகளைத் தேடி அறுப்பதும் புதுக் காலடித் தடத்தைக் கண்டால் தகவல் கொடுப்பதும் அவர்கள் வேலை. தவிர, கள்ளவேட்டைக்கு எதிரான வேலையில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியேதான் நடக்கிறது.

ஒன்றே ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். யானைத் தந்த வியாபாரம் சர்வதேசச் சந்தையில் 1989-இல் தடைசெய்யப்பட்டது. எப்போதோ அழிந்துபோன, யானைக்கு உறவான மாமத்தின் தந்தம் பனிக்குள் புதைந்து கிடைக்கிறது, அதற்கு அந்தத் தடை இல்லை. அதனால் யானைத் தந்தத்தை மாமத் என்று சீட்டு ஒட்டி விற்கிறார்கள். பிடிபட்ட துண்டு மேசைக்கு வருகிறது. தந்தத்தைக் குறுக்கே வெட்டினால் ஓரத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும், ஷ்ரெகர் கோடுகள் என்பார்கள். அந்த வெட்டுமுகத்தை நகல் எடுத்து, கோடுகள் சந்திக்கும் கோணத்தைக் கோணமானியால் அளப்பார்கள். சராசரி 100 டிகிரிக்கு மேல் என்றால் யானை, அதற்குக் கீழ் என்றால் மாமத். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் சாமானை வைத்து ஒரு வழக்கு நிற்கிறது! வனவிலங்குக் குற்றங்களுக்கென்றே அமெரிக்காவில் ஆஷ்லண்ட் நகரில் ஒரு தடயவியல் கூடம் இயங்குகிறது. சாமுவேல் வாஸர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்கா முழுக்க யானைச் சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்து ஒரு வரைபடம் போட்டார். பிடிபட்ட தந்தம் எந்தப் பகுதி யானையுடையது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். எங்கே கொல்கிறார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே காவல் போடுவது என்று தெரியும்.

கண்ணி வைக்கிறவன் பெரும்பாலும் ஏழை. பணம் சேருவது இடைத்தரகனிடமும் அவனுக்கு மேலே இருப்பவனிடமும். அவர்களைப் பிடிக்க வங்கிக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், சாட்சியம் உடையாமல் நீதிமன்றம்வரை கொண்டுபோகும் வழக்கறிஞர் வேண்டும், காட்டோர மக்களுக்கு வேறு பிழைப்பு அமைத்துக் கொடுப்பவர் வேண்டும். கடைசியாகச் சொன்ன வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

படிப்பு விஷயத்தில் என் யோசனை: கால்நடை மருத்துவத்தை அவள் கைவிட வேண்டாம். காட்சிசாலை, மீட்பு மையம், சரணாலயம், ஆய்வுக்கூடம், எதற்குப் போனாலும் அந்தப் பட்டம் செல்லும். வனவிலங்கு என்ற சொல் பட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று தேடி அலையாதீர்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் விலங்கியலோடு புள்ளியியலும் மரபியலும். இந்தத் துறையில் வேலைகள் குறைவு, தொடக்கச் சம்பளமும் குறைவு. அதை இப்போதே அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பணம் கட்டிச் சிங்கக்குட்டிக்குப் பால் புகட்டும் தன்னார்வப் பயிற்சி என்று விளம்பரம் வரும். தாயில்லாக் குட்டி என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் இப்படி வளர்ந்த சிங்கங்கள் வேலிக்குள் விட்டு வேட்டைக்கு விற்கப்பட்டிருக்கின்றன. எந்த இடத்துக்குப் போனாலும் அவள் முதலில் கேட்க வேண்டியவை: இந்த விலங்கு எங்கிருந்து வந்தது? பிறக்கும் குட்டிகள் எங்கே போகின்றன? கூட்டம் போனபிறகு இரவில் இது எங்கே படுக்கிறது? நேராகப் பதில் சொல்லாத இடத்தில் ஒரு நாள்கூட வேலை செய்ய வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். அதே காட்சிசாலைக்கு அவள் தனியாகவோ உங்களோடோ மறுபடி போகட்டும். அதே கரடி. இரண்டு மணி நேரம், நிமிடத்துக்கு ஒரு முறை, அது என்ன செய்கிறது என்று நோட்டில் ஒரே சொல்லில் எழுதட்டும்: நடை, தூக்கம், தீனி, முகர்தல். விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் செய்வதும் இதுவேதான். காலையில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஒரு நாள். முடிந்தால் பராமரிப்பாளரிடம் பேசட்டும். இப்போதெல்லாம் நல்ல இடங்களில் புலியையே பழக்கிவிடுகிறார்கள், அது தானாக வந்து கம்பியோரம் படுத்து வாலை நீட்ட, மயக்க ஊசி இல்லாமல் வாலில் ரத்தம் எடுக்கிறார்கள். அந்தக் கரடியோடு அங்கே யாராவது அப்படி வேலை செய்கிறார்களா என்று கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவளே என்னிடம் வரட்டும் அம்மா. விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று பக்கங்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.