வசனத்தில் வீடு கடைசியில் இருக்கிறது

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வீடு கட்டி வருகிறேன். தரைத்தளம் முடிந்து குடியேறிவிட்டோம். இப்போது வங்கிக் கடனில் மாடி எழும்புகிறது. ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வகுப்பை ஏற்றுக்கொள்ளும்படி எங்கள் ஆயர் தொடர்ந்து கேட்கிறார். தரைத்தளம் முடியட்டும் என்று முன்பு சொன்னேன். இப்போது, மாடியும் மகளின் திருமணமும் முடியட்டும், பிறகு முழுமனதோடு செய்கிறேன் என்றதற்கு, "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள்" என்று பலர் முன்னிலையில் கடிந்துகொண்டார். ஆனால் நீதிமொழிகள் 24:27, "வெளியில் உன் வேலையை எத்தனப்படுத்தி, வயலில் அதை ஒழுங்காக்கி, பின்பு உன் வீட்டைக் கட்டு" என்கிறதே! உலகக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஊழியத்துக்கு வருவது வேதத்துக்கு முரணா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: நீங்கள் எடுத்துக்காட்டும் வசனத்தில் வீடு கடைசியில் வருகிறது, உங்கள் கடிதத்திலோ அது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. வசனத்தை எழுத்துப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

'எத்தனப்படுத்தி' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். இன்று எத்தனிப்பது என்றால் முயல்வது என்று கொள்கிறோம். இந்த வசனத்தில் அதற்கு ஆயத்தப்படுத்துவது என்று பொருள். கோடை முழுவதும் காய்ந்து இறுகிக் கிடக்கும் இஸ்ரவேலின் நிலம், ஐப்பசி, கார்த்திகையில் முன்மாரி, அதாவது பருவத்தின் முதல் மழை, விழுந்த பிறகே கலப்பைக்கு இளகும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டவனுக்கு அந்த ஆண்டில் விளைச்சல் இல்லை. 1908ஆம் ஆண்டு கேசேர் என்னும் பழைய நகரத்தின் இடிபாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, கி.மு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஒரு சிறிய சுண்ணாம்புக்கல் பலகை, பன்னிரண்டு மாதங்களையும் விதைப்பு, பின்விதைப்பு, சணல் வெட்டு, வாற்கோதுமை அறுப்பு, திராட்சைப் பராமரிப்பு என்று வேளாண்மைப் பணிகளுக்கே பங்கிட்டுவிடுகிறது. வீடு கட்டுவதற்கென்று அதில் ஒரு மாதமும் இல்லை! அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் மழைக்காலத்தில் வயலை விட்டுவிட்டுச் சுவர் எழுப்பினால், சுவர் நிற்கும், பானை காலியாகும். ஆகவே இந்த வசனம் வசதிக்கு முன் வாழ்வாதாரத்தை வைக்கிறதேயன்றி, ஊழியத்துக்கு முன் உலகக் காரியங்களை வைக்கவில்லை. ஊழியம் அதன் பேச்சிலேயே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எபிரெயர் வழக்கில் 'வீட்டைக் கட்டுவது' என்பது கல்லும் மண்ணும் மட்டுமன்று. குடும்பம் அமைப்பதையும் அது குறிக்கும். ராகேலும் லேயாளும் இஸ்ரவேல் வீட்டைக் கட்டுவித்தார்கள் என்று ரூத் 4:11 சொல்வது பிள்ளைகளை முன்னிட்டே. அதனால்தான் பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடஸ், விவேகமுள்ளவன் முதலில் பிழைப்புக்கு ஒரு தொழிலையும், அடுத்து ஒரு வீட்டையும் தேடிக்கொண்டு, அதன் பிறகே மணம் முடிப்பான் என்று எழுதினார். வேலை இல்லாத வாலிபனுக்குக் கடன் வாங்கித் திருமணம் செய்துவைக்கும் பெற்றோருக்கு இந்த வசனத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். உங்களுக்கோ வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, திருமண வயதில் மகளும் இருக்கிறாள். இந்த வசனம் சொல்வதை நீங்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டீர்கள்.

மூன்று வசனம் தள்ளி, அதே அதிகாரத்தில் ஞானி ஒரு சோம்பேறியின் வயலைக் கடந்துபோகிறான். அது முள்ளுக்காடாய்க் கிடக்கிறது, கற்சுவர் இடிந்து கிடக்கிறது. அந்த மனிதன் வயலை உழ மாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "இன்னுங் கொஞ்சம்" என்றுதான் சொன்னான். உங்களைச் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு வீடும் கட்டுகிறவர் சோம்பேறியாக இருக்க முடியாது. ஆனால் அந்த "இன்னுங் கொஞ்சம்" உங்கள் கடிதத்திலும் இருக்கிறது.

இனி, உங்கள் ஆயர் எடுத்துச் சொன்ன மத்தேயு 6:33இல் உள்ள 'முதலாவது' என்ற சொல்லுக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் அது 'புரோட்டோன்'. அதே சொல்தான் லூக்கா 14:28இல், கோபுரம் கட்ட நினைப்பவன் "முன்பு" உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கும் இடத்திலும் வருகிறது. லூக்கா 9ஆம் அதிகாரத்தில், "முன்பு நான் போய்" என் தகப்பனை அடக்கம்பண்ண வேண்டும் என்று ஒருவனும், வீட்டாரிடத்தில் விடைபெற்று வர வேண்டும் என்று இன்னொருவனும் சொல்லும் இடங்களிலும் அதுவே நிற்கிறது. கணக்குப் பார்க்கும் 'முன்பு'வை இயேசு ஏற்கிறார்; தள்ளிப்போடும் 'முன்பு'வை ஏற்க மறுக்கிறார். முதலாமவன் தொடங்கப்போகும் காரியத்துக்காகவே உட்காருகிறான், மற்ற இருவரும் வேறொரு காரியத்துக்காக இதை ஒதுக்கி வைக்கிறார்கள். அந்தக் கோபுர உவமையைக் கட்டட நிதிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அது சீஷனாவதற்கு ஆகும் செலவைப் பற்றியது என்பதை மறந்துவிடுகிறோம்.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண நெகேமியாவைப் படியுங்கள். பாரசீக ராஜாவின் அரண்மனையில் பணிபுரிந்த அவர், கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் நிலையைக் கேள்விப்பட்டும், நிசான் மாதம் வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் ராஜாவிடம் வாய் திறக்கவில்லை; அவசரக்காரரின் கண்ணுக்கு அது தாமதமாகவே தெரிந்திருக்கும். ஆனால் ராஜா கேட்டபோது, எத்தனை காலத்தில் திரும்புவேன் என்று சொல்ல அவரிடம் விடை இருந்தது. நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதமும், மரங்களுக்காக வனக் காவலனாகிய ஆசாபுக்குக் கடிதமும் வேண்டும் என்று தெரிந்திருந்தது. எருசலேமுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று நாள் ஆனபின், யாரிடமும் சொல்லாமல் இரவில் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்த்தார். அதன் பிறகு அலங்கம் 52 நாட்களில் கட்டி முடிந்தது. அவருடைய ஆயத்தம் ஒரு தேதியில் முடிந்தது. உங்கள் ஆயத்தமோ தரைத்தளத்திலிருந்து மாடிக்கும், மாடியிலிருந்து திருமண மண்டபத்துக்கும் நகர்ந்துகொண்டே போகிறது. பேரப்பிள்ளை பிறந்தால் அங்கும் போகும்.

கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி கண்டித்த மக்களும் ஆலயத்தைக் கட்ட மாட்டோம் என்று சொன்னவர்கள் அல்லர். "ஏற்ற காலம் இன்னும் வரவில்லை" என்றுதான் சொன்னார்கள். சொல்லிக்கொண்டு மச்சுப்பாவப்பட்ட, அதாவது பலகை வேய்ந்த, வீடுகளில் குடியிருந்தார்கள். ஆறாம் மாதம் முதல் தேதியில் அவர் பேசினார், அதே மாதம் 24ஆம் தேதி வேலை தொடங்கிவிட்டது. நடுவிலிருந்த 23 நாட்கள் ஆயத்தத்துக்குப் போதுமானவையாக இருந்தன.

உங்கள் ஆயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தேயு 6:33 பலர் முன்னிலையில் ஒருவரைக் கூனிக் குறுகச் செய்வதற்காகச் சொல்லப்பட்டதன்று. என்ன உண்போம், என்ன உடுப்போம் என்று கலங்கியவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்டது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதையும் அவர் உங்களோடு சேர்ந்து வாசித்திருக்கலாம். மகளின் திருமணத்துக்குச் சேமிப்பது பாவமன்று, கடன் தவணையைத் தவறாமல் கட்டுவதும் சாட்சிதான்.

ஆனால் அவர் உங்களிடம் கேட்டது வாரத்துக்கு ஒரு மணி நேரமும், அதற்கு முந்தைய மாலையில் பாடத்தை வாசித்துப் பார்க்கும் இன்னொரு மணி நேரமுமே. அதைத் தர இயலாது என்றால், இயலாது என்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்; அந்தப் பிள்ளைகளுக்கு அவர் வேறொரு ஆசிரியரைத் தேடிக்கொள்வார். நீங்கள் முதன்முறை மறுத்தபோது ஆறு வயதாயிருந்த பிள்ளைக்கு இப்போது எட்டோ ஒன்பதோ ஆகியிருக்கும். செய்வதாக இருந்தால், மாடிக்குப் பூச்சு வேலை முடிகிற நாளைச் சொல்லாமல், நாட்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து அதை அவரிடம் சொல்லுங்கள்.

– ஆசிரியர்