பி.எஸ்ஸி. படிக்கவா பெங்களூரு வரை போக வேண்டும்?

போன வாரம் கோவையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. தந்தைக்குக் கணபதி பக்கம் ஒரு பவுண்டரியில், அதாவது இரும்பு வார்ப்பு ஆலையில், மேற்பார்வையாளர் வேலை. தாய் வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதத்தோடு உயிரியலும் படித்தவள். ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வு எழுதி, அந்த மதிப்பெண்ணைக் கொண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ். ரிசர்ச் படிப்பில் இடம் வாங்கிவிட்டாள். இனிப்புப் பெட்டியோடு வந்திருக்க வேண்டிய குடும்பம். ஆனால் தாயின் முகம் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் முகம்போல இருந்தது.

காரணம் தாய்மாமன். "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு பி.எஸ்ஸி.யா? அதைப் படிக்க உள்ளூரில் காலேஜ் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல், ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கும் பேசி வைத்துவிட்டார். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு இருபது லட்சம். முன்பணம் ஒரு லட்சம் இந்த மாதமே கட்ட வேண்டும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் கடன் கிடைக்கும், பெண்ணுக்கு வேலை கிடைத்ததும் அடைத்துவிடலாம் என்பது மாமாவின் திட்டம்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதலாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுப் பத்திரம் என்ற சொல் காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அவர்களிடம் என்ன சொன்னேனோ அதையே இங்கே எழுதுகிறேன். ஜூலை பிறந்தால் இதே கேள்வியோடு வேறு வீடுகளிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வருகிறது.

பட்டத்தின் பெயரில் 'சயின்ஸ்' என்று இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் தவறு. இந்திய அறிவியல் கழகம் 1909-ல் தொடங்கப்பட்டது. ஜாம்ஷெட்ஜி டாட்டா கண்ட கனவு அது. அவர் 1904-ல் காலமானார், கழகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. மைசூர் அரசு முன்னூற்று எழுபது ஏக்கருக்குமேல் நிலம் கொடுத்தது. இன்றும் பெங்களூருவில் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்று சொன்னால் ஆட்டோக்காரர் அங்கே கொண்டுபோய் இறக்குவார். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933-ல் அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். ஒரு நூற்றாண்டுக்கு அங்கே படிக்க வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஏற்கெனவே ஒரு பட்டம் முடித்தவர்கள்தாம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு 2011-ல்தான் திறந்தது. ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் பேர் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் போய்ச் சேரப்போவது, ஆராய்ச்சி ஏற்கெனவே நூறு வருடமாக நடந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டுக்குள். பாடம் எடுப்பவர் மதியத்துக்குமேல் தன் ஆய்வகத்துக்குப் போவார். அந்த ஆய்வகம் வகுப்பறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கதவைத் தட்டி, கோடை விடுமுறையில் ஏதாவது செய்யலாமா சார் என்று கேட்கப் பதினெட்டு வயதிலேயே வாய்ப்புக் கிடைக்கிறது. இருபது லட்சம் கொடுத்தாலும் வேறு இடத்தில் இதை வாங்க முடியாது.

முதல் மூன்று செமஸ்டர்கள் எல்லோருக்கும் பொது. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் உண்டு, பொறியியல் பாடங்களும் கலை, சமூகம் சார்ந்த பாடங்களும் உண்டு. அதன் பிறகுதான் முதன்மைப் பாடம் பிரிகிறது: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், பொருளறிவியல், புவி மற்றும் சுற்றுச்சூழல் அறிவியல். நான்காம் ஆண்டில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுத வேண்டும். விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் இருந்து முதுநிலைப் பட்டத்தோடு வரலாம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் தந்தை கேட்டார்: "அப்படியென்றால் அங்கேயே கணிதமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பி.டெக். இருக்கிறதாமே, அதில் போட முடியாதா?" இருக்கிறது, 2022-ல் தொடங்கினார்கள். அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும், இந்தப் பெண்ணிடம் அது இல்லை. இருந்திருந்தாலும் இவளுக்கு நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். ஏன் என்று அப்போதுதான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உனக்கு எதில் மனசு போகிறதம்மா என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு பையிலிருந்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தாள். உள்ளே காம்பஸும் இல்லை, ஸ்கேலும் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகள் இருந்தன. ஒன்று உடைந்த பம்ப் உறையின் துண்டு. முறிந்த பக்கம் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. இன்னொன்று எஸ்.ஜி. இரும்பு என்ற வேறொரு வகை வார்ப்பிரும்பில் வார்த்த ஒரு பிராக்கெட்டின் பாதி. உடைவதற்கு முன் அது நன்றாக வளைந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "இரண்டும் வார்ப்பிரும்புதான் சார். கார்பனும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்று அப்பா சொல்கிறார். ஒன்று படக்கென்று முறிகிறது, இன்னொன்று வளைந்துவிட்டு முறிகிறது. எட்டாம் வகுப்பிலிருந்து வைத்திருக்கிறேன்." வீட்டில் குப்பை சேர்க்கிறாள் என்று தாய் வழக்கமாகக் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தானாம்.

அவள் கேட்ட கேள்விக்கு விடை, இரும்புக்குள் கார்பன் எந்த உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. சாதாரண வார்ப்பிரும்பில் அது கிராபைட் செதில்களாகப் படிகிறது. ஒவ்வொரு செதிலின் முனையும் கத்தி முனை மாதிரி, அங்கிருந்து விரிசல் ஓடத் தொடங்கிவிடும். விரிசல் செதில் விட்டுச் செதில் தாவிப்போவதால்தான் முறிந்த பக்கம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எஸ்.ஜி. இரும்பு வார்க்கும்போது உருகிய இரும்பில் மெக்னீசியம் சேர்க்கிறார்கள். நூறு கிலோவுக்கு நாற்பது, ஐம்பது கிராம் உள்ளே தங்கினால் போதும், அதே கிராபைட் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரண்டுவிடும். உருண்டைக்கு முனை கிடையாது, விரிசலுக்கு வழியும் கிடையாது. அந்தத் தந்தை இருபது வருடமாகத் தன் கையால் செய்யும் வேலை இது. மகள் அதன் 'ஏன்' என்ற பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பொருளறிவியல் என்ற பாடம் முழுவதும் இந்தக் கேள்விதான்: ஒரு பொருள் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதனால் வெளியே எப்படி நடந்துகொள்கிறது, உள்ளமைப்பை மாற்றினால் நடத்தையை மாற்றலாமா?

இடம் கிடைத்து என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகர் இயற்பியல் அல்லது கணிதம் என்றுதான் சொல்கிறார்கள். ஆறு பாடங்களில் இந்த ஒன்றைப் படித்துக்கூடப் பார்ப்பதில்லை. பள்ளியில் அந்தப் பெயரில் புத்தகம் இல்லை, அதனால் தெரியவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஜெட் எஞ்சினின் டர்பைன் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். தான் உருகும் சூட்டையும் மிஞ்சிய சூடான வாயுவுக்குள் அது சுழல்கிறது. நிக்கல் கலப்பு உலோகத்தை ஒரே படிகமாக வளர்த்து, உள்ளே காற்று ஓட வழி விட்டு, மேலே பீங்கான் பூச்சுக் கொடுப்பதால்தான் அது தாக்குப்பிடிக்கிறது. செல்போன் பேட்டரி சில வருடங்களில் சோர்ந்துபோவது, சிலிக்கான் தகட்டில் சிப் செய்வது, உடைந்த இடுப்பு எலும்புக்கு டைட்டானியம் வைப்பது எல்லாமே இந்தப் பாடத்தின் வாசலில்தான் வந்து நிற்கின்றன. இயற்பியலும் வேதியியலும் கணிதமும் மூன்றும் வேண்டும். எலும்புக்குள் வைக்கும் பொருள் என்றால் உயிரியலும் வேண்டும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் உட்கார்ந்து, கையால் தேய்த்து மெருகேற்றிய மாதிரியைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஐந்து வருடமாக இரண்டு இரும்புத் துண்டுகளைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் பெண்ணிடம் அந்தப் பொறுமை இருக்கிறது.

இன்னொன்றையும் அவளிடம் சொன்னேன். கோவையைத் தொட்டு ஓடும் அதே நொய்யலின் கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவள் அதைக் கேள்விப்பட்டதில்லை. குறித்துக்கொண்டாள்.

சிரமங்களை மறைக்க மாட்டேன். முதல் மூன்று செமஸ்டர்கள் கடினம். பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் மட்டுமே நிறைந்த வகுப்பில் நடுவில் நிற்க வேண்டி வரும், அது சில பிள்ளைகளை உடைத்துவிடும். கணிதத்தை வெறுக்கும் பிள்ளைக்கு இந்த இடம் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்காதவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது. இருபத்தொரு வயதில் கைநிறையச் சம்பளம் வேண்டும் என்ற கட்டாயம் உள்ள குடும்பத்துக்கும் நான் இதைச் சொல்வதில்லை. இதில் படித்தவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் வரை போகிறார்கள். ஆனால் அந்த முனைவர் பட்டத்துக்கு நீங்கள் பணம் கட்டப்போவதில்லை. இந்தியாவில் மத்திய அரசின் ஆராய்ச்சி ஊக்கத்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடத்துக்குப் பிறகு 42,000. வெளிநாட்டிலும் நல்ல பல்கலைக்கழகங்களில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் கொடுத்துத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இனிப் பணம். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்திய அறிவியல் கழகத்தில் இந்தப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் என்ற அளவில்தான் இருந்துவந்திருக்கிறது. விடுதியும் மெஸ்ஸும் சேர்த்தாலும் என் கணக்கில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். சேரும் ஆண்டின் கட்டணப் பட்டியலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 60,000 கையில் கிடைப்பது, 20,000 கோடைக்கால ஆய்வுக்கு. எந்தெந்தப் பாடங்களுக்கு உண்டு, யாருக்கு உண்டு என்பதை அதன் விதிகளில் பார்த்து விண்ணப்பியுங்கள். ஆனால் கிடைக்காது என்று வைத்தே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

மாமா பேசிவைத்த இருபது லட்சத்தைப் பதினொரு சதவீத வட்டியில் பத்து வருடத் தவணையாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 27,500 ரூபாய்க்குமேல். பத்து வருடத்தில் கட்டி முடிப்பது முப்பத்து மூன்று லட்சம். படிக்கும் நான்கு வருடத்து வட்டி இதில் சேரவில்லை. அந்தத் தந்தைக்கு வயது நாற்பத்தொன்பது. பெண்ணுக்குப் பிடிக்காத பாடத்தை, அவள் கேட்காத கல்லூரியில் படிக்கவைத்து, அந்தக் கடனை முதல் சம்பளத்திலிருந்தே அவள் தலையில் வைப்பதை நான் எந்த வகையிலும் ஒப்புக்கொள்ள முடியாது. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அரசுப் பல்கலைக்கழகத்தில் தன் மதிப்பெண்ணால் இடம் வாங்கிய பிள்ளைக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் சீட்டு வாங்கித் தருவது, அவள் ஜெயித்ததை அவளிடமிருந்தே பறிப்பது.

ஒருவேளை பெங்களூரு எந்தக் காரணத்தாலோ கைகூடவில்லை என்றாலும் இதே பாதையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ், திருச்சி என்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய மூன்றிலும் உலோகவியல் உண்டு. முதல் இரண்டுக்கும் ஜே.இ.இ. தரவரிசை வேண்டும், அது இல்லாதவர்கள் பி.எஸ்.ஜி.க்குக் கவுன்சலிங் வழியாகப் போகலாம். நிர்வாக ஒதுக்கீட்டுக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தப் பட்டியலில் எங்கும் வராது.

தாய் கடைசியாகத்தான் வாய் திறந்தார். அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. இளநிலை மாணவர்களுக்கு விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. யஷ்வந்த்பூர் ரயில் நிலையம் மிகப் பக்கம். கோவையில் இரவு ரயில் ஏறினால் காலையில் மகள் முகத்தைப் பார்க்கலாம். முதல் செமஸ்டரில் மாதம் ஒருமுறை போய் வாருங்கள். மார்க்கைப் பற்றி மட்டும் முதல் ஆறு மாதம் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வருகிறாராம். அவர் கெட்டவர் இல்லை, தங்கை மகள் தோற்றுவிடக் கூடாது என்ற பதற்றம் அவருக்கு. பேச்சு நடக்கும்போது பெண்ணை அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள், அதே கூடத்தில் உட்கார வையுங்கள். அந்த ஜாமெட்ரி பாக்ஸை மாமா கையில் அவளே கொடுத்து, எது ஏன் முறிந்தது என்று அவள் வாயால் சொல்லட்டும். பெங்களூரு இடத்தை உறுதிசெய்யும் தொகையைச் சனிக்கிழமைக்குள் கட்டிவிடுங்கள். அந்த ஒரு லட்சத்துக்கான செக்கை எழுதாதீர்கள்.