முதல் வீட்டுக்கு 3.5 லட்சம் வரிக் கழிவு இன்னும் உண்டா?

கேள்வி: மதுரை ஆனையூரில் 32 லட்சம் ரூபாய்க்கு ஒரு புதுத் தனிவீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். வங்கிக் கடன் 24 லட்சம். என் ஆண்டுச் சம்பளம் 8.4 லட்சம். மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார், மாதம் 3,000 ரூபாய் வரும். முதல் வீடு என்றால் வட்டியில் 3.5 லட்சம் வரை வரிக் கழிவு உண்டு என்கிறார்கள். உண்மையா? கிரயத்தை யார் பெயரில் முடிப்பது?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது பழைய கணக்கு. வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 24(பி)-யில் 2 லட்சம், அதற்கு மேல் முதல் வீட்டுக்காரர்களுக்குப் பிரிவு 80இஇஏ-யில் 1.5 லட்சம் என்று இருந்தது. இந்த இரண்டாவது சலுகை 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். இப்போது வாங்கும் கடனுக்குக் கிடையாது.

மிச்சமிருப்பது குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு 2 லட்சம். அசல், முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் மூன்றும் 80சி-யின் (சேமிப்புகளுக்கான கழிவுப் பிரிவு) 1.5 லட்சத்துக்குள் அடக்கம், பி.எஃப்., எல்.ஐ.சி.யும் அதே பைக்குள்தான். இவை எல்லாமே பழைய வரி முறையில் (இப்படிப்பட்ட கழிவுகளைக் கழித்து வரி கட்டும் முறை) மட்டும். இதில் பலர் ஏமாறுகிறார்கள். 2 லட்சம் கழிவு என்றால் வரியில் 2 லட்சம் குறையாது, வரி போடும் வருமானத்தில்தான் குறையும்.

2025-26 கணக்கை உங்கள் சம்பளத்துக்கே போட்டுப் பார்ப்போம். டிசம்பரில் கடன் தொடங்கி வட்டி 8.5 சதவீதம் என்றால், மார்ச் வரை வட்டி சுமார் 68,000 ரூபாய். பழைய முறையில் நிலைக்கழிவு (சம்பளக்காரர் எல்லாருக்கும் உள்ள கழிவு) 50,000, வட்டி 68,000, 80சி 1.5 லட்சம் போக 5.72 லட்சம் நிற்கும். வரி, செஸ் எனும் கூடுதல் வரியோடு சேர்த்து ஏறக்குறைய 28,000. புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 7.65 லட்சம், 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். முழு ஆண்டு வட்டி வரும்போது பழைய முறையிலும் பூஜ்யமாகலாம், அவ்வளவுதான். ஆகவே புதிய முறையிலேயே இருங்கள். வீட்டுக் கடனுக்காகப் பழைய முறைக்கு மாறச் சொன்னால் இப்படி இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கைமேல் பணமாக வரக்கூடியது வேறு: பிரதமர் ஆவாஸ் யோஜனா (நகர்ப்புறம்) 2.0-வின் வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டின் உள்பரப்பு (கார்ப்பெட் ஏரியா) 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடன் 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதியாகியிருக்க வேண்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. அப்பா பெயரில் ஊரில் வீடு இருந்தால் அது தடையில்லை. தையல் வருமானம் 36,000-ஐச் சேர்த்தாலும் உங்கள் கணக்கு 8.76 லட்சம்தான்; அதை மறைக்காமல் எழுதுங்கள். முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத மானியம், மொத்தம் 1.80 லட்சம் வரை, ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். கடன் அனுமதிக்கு முன்பே வங்கியில் கேட்டு, எல்லாருடைய ஆதாரோடும் விண்ணப்பியுங்கள்.

கிரயத்தை இருவர் பெயரிலும் முடியுங்கள், கடனிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்பது 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மனைவி பெயரில் மட்டும் பத்திரம் இருந்து நீங்கள் தவணை கட்டினால், சம்பளம் உயர்ந்து பழைய முறைக்குப் போக நினைக்கும் நாளில் வட்டிக் கழிவு கேட்க முடியாது. உரிமையாளராகவும் கடனாளியாகவும் இருப்பவருக்குத்தான் அது.

பத்திரச் செலவையும் இப்போதே எடுத்து வையுங்கள்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 32 லட்சத்துக்கு 2,88,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) இதைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு, எனவே சர்வே எண்ணைக் கொண்டு முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

மானியம் வந்துகொண்டிருக்கும் ஐந்தாண்டுகளில் நகையை விற்றோ சீட்டுப் பணத்தைப் போட்டோ அசலில் பாதிக்கு மேல் அடைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தவணை விடுவிக்கும்போதும் பாதிக்கு மேல் அசல் நிலுவையில் இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி.