புது செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் சிக்கிக்கொண்டே இருக்கிறதா? முதலில் சிக்கிய இடத்தைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் ஒரு புது செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கினார். ஏஆர் 15 வகை, .223 தோட்டா. பத்துக்கு ஒருமுறை சிக்கிக்கொள்கிறதாம். ஸ்பிரிங்கை மாற்றலாமா, தோட்டா ஏறும் சரிவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்கிறார். பட்டாளத்தில் ஆயுத வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்:

இரண்டும் வேண்டாம். இன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டு, உப்புத்தாளைக் கையால் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேய்த்த உலோகம் திரும்ப வராது. உத்தரவாதமும் போய்விடும்.

நான் பட்டாளத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக இருந்தவன். இப்போது ஆவடியில் இருக்கிறேன். பாதிக் காலம் பட்டாளத்து 7.62 எஸ்.எல்.ஆர். ரைஃபிள், அப்புறம் 5.56 இன்சாஸ் ரைஃபிள். ஏஆர் வகையை நான் கையில் எடுத்து வேலை பார்த்ததில்லை. ஆனால் டெக்சாசில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் போன வருடம் இதே சிக்கல் வந்தது. வீடியோ காலில் பார்த்துப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டுபிடித்தோம். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. சிக்கியதும் குழல் வாய் இலக்குப் பக்கம்தான் இருக்க வேண்டும், விரல் ட்ரிகரை விட்டு வெளியே இருக்க வேண்டும். ட்ரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் முப்பது விநாடி அப்படியே பிடித்துக் காத்திருக்க வேண்டும். மருந்து தாமதமாகப் பற்றும் தோட்டா உண்டு. வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று மெலிதாகக் கேட்டால் அன்றைக்குச் சுடுவதை அத்தோடு நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடிக்கும். இந்த விஷயத்தில் மட்டும் 'பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்' என்பதே கூடாது.

சரி, இனி சிக்கலுக்கு வருவோம். புதிதாகச் சுடுகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். சிக்கியவுடன் பதறிப்போய் போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) இழுத்து, உள்ளே இருப்பதை உதறிவிட்டு, அடுத்ததைச் சுடப் போய்விடுவார்கள். கிடைத்த ஒரே சாட்சியும் அதோடு போய்விடும். எங்கள் பழைய உஸ்தாத் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் சொல்வார்: "கையை எடு, கண்ணை வை." துப்பாக்கி எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடம்தான் காரணத்தைச் சொல்லும்.

தோட்டாவின் மூக்கு சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) போகாமல் சரிவில் முட்டி நிற்கிறதா? தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மேகசினின் உதடுகள் ஒரு மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும் தோட்டா தப்பான கோணத்தில் கிளம்பும். சுட்ட காலி கேஸ் (தோட்டாவின் வெற்று உறை) சேம்பரிலேயே தங்கி, அதன் முதுகில் அடுத்த தோட்டா போய் இடிக்கிறதா? காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் பிடிக்கவில்லை, இல்லையென்றால் சேம்பர் அழுக்கு. காலி கேஸ் வெளியே வந்தும் போகாமல், அது வெளியேறும் ஜன்னலில் நட்டுக்கொண்டு நிற்கிறதா? அல்லது காலி கேஸ் போய்விட்டது, மேகசினில் தோட்டா இருக்கிறது, ஆனால் போல்ட் அதை எடுக்காமல் வெறுமனே மூடிவிட்டதா? இந்தக் கடைசி இரண்டும் பெரும்பாலும் ஒரே நோய்தான். போல்ட் முழு தூரம் பின்னால் போகவில்லை, பாதி வழியிலேயே திரும்பிவிட்டது.

என் அக்கா மகன் விஷயம் இந்த ரகம்தான். அவனுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணி என்றால் எனக்கு ராத்திரி எட்டரை. சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "மாமா, வாங்கி ஒரு வாரம்கூட ஆகல" என்று குரலே தழுதழுத்துவிட்டது அவனுக்கு. காலி கேஸ் எங்கே விழுகிறது என்று கேட்டேன். நல்ல நிலையில் இருந்தால் வலப்பக்கமாக, சற்றே பின்னால், சில அடி தள்ளிப் போய் விழ வேண்டும். இவனுக்குக் காலடியிலேயே சோர்ந்து விழுந்தது.

உடனே மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுடச் சொன்னேன். கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னால் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து முறை சுட்டான், ஐந்திலும் நிற்கவில்லை. அப்புறம் காலி மேகசினைச் செருகி, கையால் முழுக்கப் பின்னால் இழுக்கச் சொன்னேன். அழகாகப் பூட்டிக்கொண்டது. ஆக, மேகசின் சரி, பூட்டுகிற கொக்கியும் சரி. போல்ட்டைப் பின்னால் தள்ளும் வேகம்தான் குறைவு.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? குழலில் குண்டு போகும்போதே ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு பிரிந்து வரும். எஸ்.எல்.ஆரில் அது ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போல்ட் பாகத்தைத் தள்ளும். அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. முன்னால் இருக்கும் ரெகுலேட்டரைத் திருகி, வெளியே வீணாகும் வாயுவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். போல்ட் பாதியில் திரும்பினால் ஒன்றிரண்டு கட்டம் மூடுவோம், வேலை முடிந்தது. சாதாரண ஏஆரில் பிஸ்டன் தண்டும் கிடையாது, திருகுகிற ரெகுலேட்டரும் கிடையாது. ஒரு மெல்லிய குழாய் வழியாக வாயு நேராகக் கேரியருக்குள்ளேயே (போல்ட்டைச் சுமந்து போகும் பாகம்) வந்து தள்ளும். வழியில் எங்காவது கசிந்தால் அவ்வளவு வேகமும் போச்சு.

கேரியரின் மேல் இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பொருத்திய ஒரு சின்ன மூக்கு இருக்கும். அதற்குப் பெயர் கேஸ் கீ (இந்தக் 'கேஸ்' வாயு, காலி கேஸ் இல்லை). வாயுக் குழாய் அதற்குள்தான் நுழையும். ரைஃபிளைக் காலி செய்து, கேரியரை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் காட்டச் சொன்னேன். மூக்கின் அடிப்பக்கம் ஒரு ஓரமாகக் கரி வழிந்த கோடு. அங்கே வாயு கசிகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் பக்கத்து உலோகத்தை உளியால் நசுக்கி அதன்மேல் மடித்துவிட வேண்டும். ஸ்டேக்கிங் என்பார்கள். இவனுடையதில் பெயருக்கு ஒரு கீறல்தான் இருந்தது. படம் எடுத்துத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினான், அவர்கள் வேறு கேரியர் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு நான் கேட்கும்போதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றுதான் சொல்கிறான்.

உங்கள் அண்ணனுக்கும் இதுவேதான் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் பார்க்க வேண்டிய எளிய காரணங்கள் மூன்று இருக்கின்றன.

எண்ணெய்தான் முதல் சந்தேகம். பெட்டியிலிருந்து வரும் புது ரைஃபிளில் இருப்பது துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய், ஓடுவதற்கான எண்ணெய் இல்லை. சேம்பரையும் குழலையும் நன்றாகத் துடைத்து உலர வைக்க வேண்டும். கேரியர் உரசும் இடங்களிலும் போல்ட் சுழலும் இடத்திலும் தாராளமாக எண்ணெய் விட வேண்டும். சென்னையில் எங்களுக்குக் கடல் காற்றும் துருவும்தான் எதிரி, அதனால் எப்போதும் எண்ணெய்க் கையோடுதான் இருப்போம். வறண்ட ஊரில் இருப்பவர்கள் தூசி ஒட்டும் என்று பயந்து, சுடும்போதுகூட உலர்ந்த ரைஃபிளை எடுத்துப்போகிறார்கள். ஏஆர் காய்ந்திருந்தால் சிக்கும்.

மேகசினுக்கு ஒன்றிரண்டு என்று எண் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எண் ஒன்றில் மட்டும் சிக்கினால் குற்றம் ரைஃபிளில் இல்லை. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை.

தோட்டாவிலும் வித்தியாசம் உண்டு. மலிவான .223 சில ரகங்களில் மருந்தின் வேகம் குறைவு. புது ரைஃபிளின் ஸ்பிரிங் இன்னும் இறுக்கமாக இருக்கும்போது அது போல்ட்டை முழுக்கத் தள்ளாது. நல்ல கம்பெனி தோட்டா வாங்கி ஒரு நூறு, இருநூறு சுட்டுப் பார்த்தால் பல ரைஃபிள் தானே சரியாகிவிடும். ஆனால் குழல்மேல் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துவிட்டு வாங்க வேண்டும். .223 என்று மட்டும் இருந்தால் ராணுவ 5.56 தோட்டாவைப் போடக் கூடாது. வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே அழுத்தம் எகிறும்.

தோட்டா மருந்தை லேசாக நினைக்காதீர்கள். இதே குடும்பத்து எம்16 என்ற அமெரிக்க ராணுவ ரைஃபிள் வியட்நாமில் 1965, 66இல் சிக்கிச் சிக்கி வீரர்கள் செத்தார்கள். மருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள், சேம்பருக்குக் குரோமியம் பூசவில்லை, துடைக்கிற சாமானையும் போதிய அளவில் கொடுக்கவில்லை. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்த விஷயம் இது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சரியென்று கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒவ்வொரு ரைஃபிளையும் யாரோ ஒரு பையன் நம்பித்தானே தூக்கிக்கொண்டு போனான்.

இன்னொன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எண்ணெயும் விட்டு, மேகசினும் மாற்றி, தோட்டாவும் மாற்றிச் சுட்டுவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எதனால் சரியானது என்று எப்படித் தெரியும்? அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும். போல்ட் முழுதாக மூடவில்லை என்றால் அதைத் தட்டித் தட்டி உள்ளே திணிக்கவும் கூடாது. ஏதோ தடுக்கிறது, அது என்ன என்று பார்க்க வேண்டும்.

அடுத்த முறை சிக்கும்போது, குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை விட்டு ஜன்னல் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். எந்த மேகசின், எந்தத் தோட்டா, எத்தனையாவது சுடுதல், காலி கேஸ் எங்கே விழுந்தது, இந்த நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கம்பெனிக்கு எழுத வேண்டி வந்தாலும் அவர்கள் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளில் இருப்பதைத்தான்.