ஃபெரிட்டின் 640: ஜீன் டெஸ்ட் எடுக்கட்டுமா?

கேள்வி: எனக்கு 47 வயது. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன், துறைமுகத்தில் வேலை. மாஸ்டர் செக்கப்பில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்த அளவு) 640 என்று வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் நார்மல். அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் தங்கை, பரம்பரையாக உடம்பில் இரும்பு சேரும் நோயாக இருக்கலாம், உடனே ஜீன் டெஸ்ட் எடு என்கிறாள். எடுக்கட்டுமா? கீரை, ஈரலை நிறுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் தங்கை வேலை பார்க்கும் ஊருக்கு அது சரியான யோசனைதான். ஹீமோகுரோமடோசிஸ் என்னும் அந்த நோயில், குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மிஞ்சியதை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. கல்லீரல், கணையம், இதயத்தில் போய்ப் படியும். எச்.எஃப்.இ. என்ற மரபணுவில் (1996இல் கண்டுபிடித்தார்கள்) சி282ஒய் என்னும் மாற்றம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தவர்களுக்குத்தான் அங்கே பெரும்பாலும் இந்த நோய். அயர்லாந்தில் சுமார் 80 பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார். அவர்களிலும் எல்லோருக்கும் நோய் முற்றுவதில்லை.

நம்மிடம் அந்த மாற்றம் மிக மிக அரிது. அதே மரபணுவில் எச்63டி என்ற இன்னொரு மாற்றம் இந்தியர்களிடமும் சகஜம். ஆனால் அது மட்டும் இருந்து நோய் வருவது அபூர்வம். நீங்கள் இப்போதே டெஸ்டுக்கு ஓடினால் 'எச்63டி பாசிட்டிவ்' என்று வரலாம், வீடே பயந்துபோகும், உண்மையான காரணம் அப்படியே கிடக்கும். இன்னொரு சிக்கல்: இங்கே இந்த நோய் வரும் சிலருக்கு ஹெமோஜுவெலின், ஃபெரோபோர்ட்டின் போன்ற வேறு மரபணுக்களில் கோளாறு இருக்கும். எச்.எஃப்.இ. டெஸ்ட் மட்டும் எடுத்தால் அவர்களுக்கு 'நார்மல்' என்றே வரும். பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் ஐரோப்பியப் பூர்வீகம் உண்டு என்பதால், அவர்களிடம் நான் சி282ஒய் பற்றியும் யோசிப்பேன். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஃபெரிட்டின் ஏறினாலே இரும்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கல்லீரலில் கொழுப்பு, மது, சர்க்கரை நோய், சமீபத்தில் வந்த காய்ச்சல் எதுவானாலும் அது ஏறும். மதுப் பழக்கம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இருந்தால் இன்றே நிறுத்துங்கள். பிறகு காலையில் வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) பாருங்கள். கூடவே கல்லீரல் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், சர்க்கரை. சாச்சுரேஷன் 45 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு மிகை இருக்க வாய்ப்பு குறைவு. கல்லீரல் கொழுப்பு போன்ற, மேலே சொன்ன காரணங்களைக் கவனித்தால் போதும். திரும்பத் திரும்ப அதற்கு மேல் வந்தால், தலசீமியா (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) குணம் உண்டா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் மரபணுப் பரிசோதனை. ஹீமோகுரோமடோசிஸ்தான் என்று உறுதியானாலும் வைத்தியம் எளிது: குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு பாட்டில் ரத்தம் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வெளியேறும்.

கீரையை நிறுத்த வேண்டாம், அதிலுள்ள இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும். ஈரலை மட்டும் ரிசல்ட் வரும்வரை தள்ளிவையுங்கள். காசிமேட்டு மீனை நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். சத்து டானிக், வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் நிறுத்துங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே காட்டப் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த டானிக் பாட்டிலையும் கொண்டுபோங்கள்.