பத்தே நாளில் முடி எட்டிப் பார்க்கிறதே!

கேள்வி: எனக்கு வயது 24. நாலைந்து மாதங்களாக கை, கால்களுக்கு பார்லரில் வாக்ஸிங் செய்துகொள்கிறேன். "ஒரு மாசத்துக்குக் கவலையே இல்ல" என்கிறார் பார்லர் அக்கா. எனக்கோ பத்து நாளிலேயே முடி தட்டுப்படுகிறது. பொறுக்க முடியாமல் நடுவில் ஒருமுறை ரேஸர் போட்டுவிடுவேன். ரேஸர் பட்டதால்தான் முடி தடித்துவிட்டது என்று அம்மா திட்டுகிறார். தை மாதம் எனக்குக் கல்யாணம். பார்லரை மாற்றலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: பார்லரை மாற்றுவது இருக்கட்டும், முதலில் ரேஸரை எடுத்து ஓரமாக வையுங்கள். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 'நடுவில் ஒருமுறை'தான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

பத்தாம் நாள் கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் அன்று பிடுங்கிய முடியே இல்லை. வேரோடு வந்த முடி அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. மல்லிகைக் கொடியில் இன்று பூவைப் பறித்தால் நாளை மலர்வது, இன்று அரும்பாக இருந்தது. அதே கதைதான் உங்கள் காலிலும். வாக்ஸிங் செய்த அன்று தோலுக்கு அடியிலேயே இருந்த முடியும், மெழுகின் பிடிக்கு எட்டாத குட்டை முடியும் இப்போது மேலே வந்திருக்கின்றன.

ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. கொஞ்ச காலம் முடியை வளர்க்கும். இதை அனாஜென் என்பார்கள். பிறகு இரண்டு மூன்று வாரங்களில் மெல்ல வேலையை நிறுத்தும், அது கேட்டாஜென். அப்புறம் ஓய்வு, டீலோஜென். ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர்ந்து, அடியில் புதியது தொடங்கும். தலையில் வளர்ச்சிக் காலம் இரண்டு முதல் ஆறு வருடம் வரை நீளும். எந்த நேரத்தில் எண்ணினாலும் தலைமுடியில் நூற்றுக்கு 85, 90 வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் பின்னல் இடுப்பு வரை வருகிறது. காலில் கதை தலைகீழ். அங்கே வளர்ச்சி சில மாதங்களில் முடிந்துவிடும், ஓய்வுதான் நீளம். பெரும்பாலான முடி 'வளர்ந்தது போதும்' என்று சும்மா நிற்கிறது. ஒரு பங்கு வளர்கிறது. இன்னும் சில மயிர்க்கால்கள் காலியாக, வெளியே ஒன்றுமே தெரியாமல் அடுத்த முடிக்குத் தயாராகின்றன. ஒரு தடவை மெழுகு போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது என்பது இதிலிருந்தே புரியும்.

இனி ரேஸர் செய்கிற வேலையைப் பாருங்கள். மெழுகு பிடிக்க முடி சுமார் ஆறு மில்லிமீட்டர், அதாவது ஒரு அரிசி நீளமாவது இருக்க வேண்டும். தலைமுடியே மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உடம்பு முடி இன்னும் மெது. பன்னிரண்டாம் நாள் ஷேவ் செய்துவிட்டு முப்பதாம் நாள் பார்லரில் போய் உட்கார்ந்தால், பல முடிகள் அந்த நீளத்தைத் தொட்டிருக்காது. சிலது சிக்கும், சிலது வழுக்கிக்கொண்டு தப்பிக்கும், சிலது பாதியில் ஒடியும். ஒடிந்தது இரண்டு மூன்று நாளிலேயே தோலுக்கு மேலே வந்து குத்தும். நீங்கள் மறுபடி ரேஸரைத் தேடுவீர்கள். சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்கிறீர்கள்.

அடுத்த முறை பார்லரில் ஒரு காரியம் செய்யுங்கள். உரித்த ஸ்ட்ரிப்பை உடனே குப்பையில் போட விடாமல் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேரோடு வந்த முடியின் நுனியில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளையாக, காய்ந்த சின்ன முடிச்சு இருந்தால் அது ஓய்வில் இருந்த முடி. வேர் சற்றுக் கருத்து, அதைச் சுற்றிக் கண்ணாடிபோல ஒரு மெல்லிய உறை ஒட்டியிருந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடி. இந்த இரண்டும் இல்லாமல் மொட்டையாக முடிந்தால் ஒடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி மொட்டைகளே அதிகம் இருந்தால் அப்போது பார்லரைச் சந்தேகப்படலாம். முடி சாயும் திசையில் மெழுகைத் தடவி, எதிர்த்திசையில், தோலை ஒட்டினாற்போல் சட்டென்று இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தாலும் மெழுகு ஆறிப்போயிருந்தாலும் முடி ஒடியும். தோலில் எண்ணெயோ வியர்வையோ இருந்தால் மெழுகு சரியாக ஒட்டாது. போகிற அன்று காலையில் தேங்காய் எண்ணெய், லோஷன் எதுவும் வேண்டாம்.

அம்மா சொல்வதற்கு வருவோம். ஷேவ் செய்தால் முடி தடிக்காது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர், ஷேவ் செய்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் கூடவில்லை, வேகமும் கூடவில்லை என்று எழுதிவிட்டார். ஆனால் அம்மாவின் கைக்குத் தெரிவதும் பொய்யில்லை. தானாக முளைக்கும் முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். பிளேடு வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவினால் சொரசொர என்று குத்தும். அவரோடு இதற்காகச் சண்டை போட வேண்டாம்!

நாலு அல்லது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, நடுவில் எதையும் தொடாமல் வாக்ஸிங் செய்யுங்கள். ஓய்வில் இருந்த முடியைப் பிடுங்கினால் அந்த மயிர்க்கால் புது முடி வளர்க்கத் தொடங்கிவிடும். ஒரே நாளில் பிடுங்கியவை ஏறக்குறைய ஒன்றாக முளைத்து வருவதால், மூன்று நான்கு முறைக்குப் பிறகு மெழுகுக்கு அகப்படும் பங்கு கூடும், பத்தாம் நாள் தொல்லை குறையும். முழு மாதமும் ஒரு முடிகூட இருக்காது என்று மட்டும் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மெழுகு மயிர்க்காலைக் கொல்வதில்லை. வருடக்கணக்கில் செய்த சிலருக்கு முடி மெலிகிறது, சிலருக்கு அப்படியேதான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். முகூர்த்தத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பு கடைசி வாக்ஸிங், அதற்கு முந்தையது நாலைந்து வாரம் முன்னால். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் செய்யவே கூடாது. தோல் சிவந்து புள்ளி புள்ளியாக நிற்கும், அதன்மேல் நலங்கு மஞ்சள் பட்டால் எரிச்சலில் முகம் சுளிப்பீர்கள், போட்டோகிராபர் அதையும் எடுத்துவைப்பார். மருதாணி வைக்கும் முன்பே வாக்ஸிங்கை முடித்துவிடுங்கள். பின்னால் செய்தால் மேல்தோலோடு சேர்ந்து சிவப்பும் போய்விடும்.

கல்யாணச் சாக்கில் லேசருக்குப் போகும் யோசனை இருந்தால் விதி தலைகீழாகும். லேசர் தேடிப்போய்ச் சுடுவது வேரில் இருக்கும் கருநிறத்தை. வாக்ஸிங் செய்து வேரைப் பிடுங்கிவிட்டால் அதற்குக் குறியே இல்லை. அங்கே ஷேவிங்தான் சரி. லேசரும் வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடியில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், பல வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும். தைக்குள் முடிகிற வேலை இல்லை.

பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் வாக்ஸிங் வேண்டவே வேண்டாம், மெழுகோடு தோலும் உரிந்து வரும். நிறுத்தி ஆறு மாதமாவது ஆக வேண்டும். ரெட்டினால் க்ரீம் தடவும் இடத்திலும் மெழுகு கூடாது.

முகத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. தாடையிலும் கழுத்திலும் தடித்த கருமுடி புதிதாக வந்து, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனால், பார்லரை விட்டு மகளிர் மருத்துவரிடம் போங்கள். பி.சி.ஓ.டி. போன்ற ஹார்மோன் சிக்கலாக இருக்கலாம், ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுப்பார்.