கழுத்தில் நெட்டி முறித்தால் பக்கவாதம் வருமா?

கேள்வி: எனக்கு 38 வயது. கனடாவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கணினி வேலை, இரண்டு மாதமாகக் கழுத்து நோ. வேலையிடக் காப்புறுதி இருப்பதால் கைரோபிராக்டரிடம் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்பவர்) போனேன். இரண்டு தடவை கழுத்தைத் திருப்பி 'டக்' என்று சத்தம் வரச் செய்தார். நோ கொஞ்சம் குறைந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அண்ணா, இதனால் பக்கவாதம் வரும் என்று ஏழெட்டு ஆய்வுகளை அனுப்பிவிட்டார். கைரோபிராக்டரோ பாதுகாப்பானது என்று வேறு ஆய்வுகளை அச்செடுத்துத் தந்திருக்கிறார். இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். எதை நம்புவது? கடைசியாகப் போய் மூன்று கிழமை ஆகிறது, இரவில் நித்திரை இல்லை. நோவுக்கு ஐபியூபுரோஃபென் போடுகிறேன். முன்னெச்சரிக்கையாக அப்பாவின் அஸ்பிரினையும் தினம் ஒன்று எடுக்கிறேன். எக்ஸ்ரேயில் கழுத்து வளைவு நிமிர்ந்திருக்கிறதாம். அந்தச் சத்தம் எலும்பு தேய்வதாலா?

பதில்: முதலில் அப்பாவின் அஸ்பிரினை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள். கழுத்து இரத்தக்குழாய் கிழிவதை அஸ்பிரின் தடுக்காது. கிழிந்திருப்பது ஸ்கானில் உறுதியான பிறகு, இரத்தம் உறையாமல் இருக்க நாங்கள் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். ஐபியூபுரோஃபெனோடு சேர்த்து விழுங்கினால் வயிற்றில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடும். வீட்டில் கிடக்கும் குளிசையை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுக்கும் பழக்கத்தை நம் ஆட்கள் எப்போது விடப்போகிறார்களோ தெரியவில்லை.

நீங்கள் ஆய்வுகளைப் பற்றிக் கேட்டாலும், உங்கள் நித்திரையைக் கெடுப்பது 'எனக்கு ஏற்கனவே ஏதாவது ஆகிவிட்டதா' என்ற பயம். கழுத்து முள்ளெலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக இரண்டு இரத்தக்குழாய்கள் பின்மூளைக்கு ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் அந்த இடத்தில் இரத்தம் உறைந்து, உறைகட்டி மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளலாம். இளவயதுப் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கிய காரணம் என்றாலும் அரிதானது. கிழிவைத் தொடர்ந்து வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை முதல் சில நாட்களில், அதிகம் போனால் முதல் இரண்டு கிழமைக்குள் வந்துவிடும். மூன்று கிழமை கடந்து, நோ கூடாமல் குறைந்து, வேறு எந்தக் குறியும் இல்லாமல் இருக்கிறீர்கள். நித்திரை கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறியை மட்டும் மறக்க வேண்டாம்: இதுவரை அறியாத புதுவிதமான நோ. கழுத்தின் ஒரு பக்கத்திலோ பின்தலையிலோ திடீரென்று வந்து, 'இப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை' என்று சொல்லவைக்கும் கடுமையான நோ அல்லது தலையிடி. பல மணி நேரமோ சில நாட்களோ அது மட்டுமே தனியாக இருக்கலாம். பலர் தசைப்பிடிப்பு என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பதும், இன்னொரு தடவை திருகிவிடச் சொல்லிப் போவதும் அந்த நேரத்தில்தான். அப்படி நோ வந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கூடவே தலைச்சுற்று, நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குளறல், விழுங்கச் சிரமம், முகத்திலோ உடலின் ஒரு பக்கத்திலோ விறைப்பு, ஒரு கண்ணிமை சரிவு என்று எது சேர்ந்தாலும் 911. உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, குறி தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ நாலரை மணி நேரமே அவகாசம். அங்கே போனதும் 'இன்ன திகதியில் கழுத்தைத் திருகினார்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். நாற்பது வயதுகூட ஆகாதவர் தலையிடி என்று வந்தால், கழுத்து இரத்தக்குழாய்களை ஸ்கான் செய்து பார்க்கும் யோசனை எல்லோருக்கும் உடனே வராது.

இனி அந்தத் தாள்கள். அண்ணா அனுப்பியவற்றில் பெரும்பாலானவை ஒற்றை நோயாளியின் வரலாறுகள்: ஒருவருக்குக் கழுத்தைத் திருகினார்கள், அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்படி நடக்கக்கூடும் என்பதை அவை சொல்கின்றன. எத்தனை பேரில் ஒருவருக்கு, திருகியதாலா என்பதைச் சொல்ல அவற்றால் முடியாது.

அதைத் தேடிய முக்கியமான இரண்டு ஆய்வுகள் உங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே நடந்தன. 2001இல் வந்த முதலாவது, பின்மூளைப் பக்கவாதம் வந்த 582 பேரைப் பார்த்தது. 45 வயதுக்குக் குறைந்தவர்களில், பக்கவாதம் வந்தவர்கள் முந்தைய ஒரு கிழமைக்குள் கைரோபிராக்டரிடம் போயிருந்த வாய்ப்பு, பக்கவாதம் வராதவர்களைவிட ஐந்து மடங்கு இருந்தது. பயமுறுத்தும் எண்தான். 2008இல் கசிடி என்ற ஆய்வாளரின் குழுவினர், இதே பக்கவாதம் வந்த 818 பேரை எடுத்து, முந்தைய ஆய்வு கேட்காத ஒன்றைக் கேட்டார்கள்: பக்கவாதத்துக்கு முன் இவர்கள் குடும்ப வைத்தியரிடம் போனார்களா? அங்கேயும் அதே தொடர்பு இருந்தது. குடும்ப வைத்தியர் யாருடைய கழுத்தையும் திருகுவதில்லை. ஆக, இரத்தக்குழாய் ஏற்கனவே கிழியத் தொடங்கி, அந்த நோவோடுதான் பலர் இருவரையும் தேடிப் போயிருக்கிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

உங்கள் கைரோபிராக்டர் இந்தத் தாளை மேலே வைத்துத் தந்ததன் காரணம் புரிகிறது. ஆனால் இது 'பாதுகாப்பானது' என்பதற்கு நற்சான்று அல்ல. கிழியத் தொடங்கிய குழாயோடு வந்தவரின் கழுத்தைத் திருகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வில் பதில் இல்லை. அதனால்தான் அமெரிக்க இதய சங்கம் 2014இல், இப்படி ஒரு தொடர்பு காணப்பட்டிருப்பதைத் திருகுவதற்கு முன்பே நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றது. ஆபத்தை விளக்கி ஒப்புதல் பெற்ற பிறகே சிகிச்சை செய்யச் சொல்லும் ஒன்ராறியோவின் 1996 சிகிச்சை ஒப்புதல் சட்டமும் கைரோபிராக்டர்களைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு அவர் அதை விளக்கியதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. கேளுங்கள்.

அவர் தந்தவற்றில் உண்மையில் உங்களுக்குப் பயன்படும் தாள் வேறு. 2012இல் கெர்ட் பிரான்ஃபோர்ட் குழுவினர் வெளியிட்டது. கைரோபிராக்டிக் துறையினரே, அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில், நேர்மையாகச் செய்தது. உங்களைப் போலவே இரண்டு முதல் பன்னிரண்டு கிழமை வரை கழுத்து நோ இருந்த 272 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதிக்கு முதுகெலும்புத் திருகல், ஒரு பகுதிக்கு மருந்து, ஒரு பகுதிக்கு வீட்டில் செய்யும் பயிற்சி. பன்னிரண்டு கிழமை முடிவில் திருகல் மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. அவர் மஞ்சள் கோடு போட்டிருப்பது அந்த வரிக்கு. கோடு போடாத அடுத்த வரியைப் படியுங்கள்: வீட்டுப் பயிற்சி திருகலுக்கு ஏறத்தாழ இணையாக நின்றது. அந்தப் பயிற்சிக்குத் தேவைப்பட்டது ஒரு மணி நேர வகுப்பு இரண்டு. மிச்சமெல்லாம் கழுத்தையும் தோளையும் மெதுவாக, கட்டுப்பாட்டோடு அசைப்பது. ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்துத் தடவை, நாளில் ஆறு முதல் எட்டு முறை.

இன்னொன்றையும் பாருங்கள். அதில் 'பாரதூரமான பாதிப்பு யாருக்கும் இல்லை' என்பதற்கும் அவர் கோடு போட்டிருக்கிறார். திருகல் பெற்றவர்கள் ஏறத்தாழ 90 பேர். தொண்ணூறு பேரில் ஒருவருக்கும் ஒரு பாதிப்பு வரவில்லை என்றால், அதன் உண்மையான விகிதம் முப்பதில் ஒன்று வரைகூட இருக்கலாம் என்பதே கணக்கு. மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் எளிய விதி அது. லட்சத்தில் ஓரிருவருக்கு வரக்கூடியதைத் தொண்ணூறு பேரில் தேடுவது, கடலில் ஒரு மீனைச் செம்பால் மொண்டு பார்ப்பது போல. நோ குறைகிறதா என்று அறிய இப்படி ஆட்களைப் பிரித்துச் செய்யும் சோதனை வேண்டும். அரிய ஆபத்தை அறிய ஒரு மாகாணம் முழுவதின் பதிவுகள் வேண்டும். அண்ணாவும் கைரோபிராக்டரும் தங்கள் தாள்களை, அவற்றால் சொல்ல முடியாத ஒன்றுக்குச் சாட்சியாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே என் முடிவு இது. ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அதே பலனைத் தரும் பயிற்சி கையில் இருக்கும்போது, அந்தச் சிறிய ஆபத்தையும் ஏற்க உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அவரிடமே போவதென்றால் போங்கள், 'கழுத்தைச் சடாரென்று திருப்ப வேண்டாம், பயிற்சி சொல்லித் தாருங்கள்' என்று சொல்லுங்கள். நல்ல கைரோபிராக்டர் ஒப்புக்கொள்வார். மறுத்தால் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போங்கள். வீடியோ பார்த்து நீங்களே கழுத்தைத் திருகிச் சத்தம் எழுப்புவது கூடவே கூடாது.

சத்தம் எலும்பு தேய்வதால் அல்ல, மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியால். வளைவு நிமிர்ந்திருப்பது நோ இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் சாதாரணமாகத் தெரிவது. அதை 'நேராக்க' நாற்பது தடவை வரச் சொன்னால் காசு கட்ட வேண்டாம். பயிற்சி தொடங்கி ஆறு கிழமையாகியும் நோ அப்படியே இருந்தால் குடும்ப வைத்தியரைப் பாருங்கள். கையில் பலம் குறைந்தாலோ, பொத்தான் போட விரல்கள் தடுமாறினாலோ, கால்கள் பின்னினாலோ ஆறு கிழமை காத்திருக்காமல் அன்றே போங்கள்.